அத்தி துப்பிய கவளம்

இடம் போதவில்லை என்று மருதி குளக்கரைப் புல்லையெல்லாம் பிடுங்கி எறிந்தாள். அதனால் அவள் அம்மா பட்டினி கிடந்தாள். ஊரே விருந்து தின்றுகொண்டிருக்கும்போது பட்டினி கிடந்தாள். கெட்டுப்போனது இதுதான்.

மருதி ஒரு பெண் யானை. மலையடிவாரக் காட்டில் ஒரு குளத்தின் கரையில் அவளும் அவள் அம்மா அத்தியும் இருந்தார்கள். மற்ற பிள்ளைகள் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இருக்கிறவள் பார்த்துக்கொள்வாள் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. எல்லாக் குடும்பத்திலும் உள்ள நம்பிக்கைதான்.

மழை முடிந்து குளம் நிறைந்தால் யானைகளுக்குப் புதுத்தண்ணீர் விழா. உறவு யானைகள் அத்தனையும் அத்தியின் குளத்துக்கு வரும். அவள்தான் மூத்தவள். மூத்தவள் முதல் கவளத்தை வாயில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் பிளிறிவிட்டுச் சாப்பிடலாம். அந்தக் கவளமும் முற்றிய மூங்கிலாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இளந்தளிரைக் கொடுத்தால் அவமானமாம். எவன் ஆரம்பித்து வைத்தானோ! அவனுக்குப் பல் நன்றாக இருந்திருக்கும்.

அத்திக்குப் பல் இல்லை. யானைக்குக் கடைவாய்ப் பல் தேயத் தேயப் புதிது வரும். ஒரு வயதுக்கு மேல் வராது. அத்தியின் கடைசிப் பல்லும் தேய்ந்து ஈறோடு ஈறாகிவிட்டது. பட்டையை மெல்ல முடியாது. மேட்டுப் புல் முரடு, ஈறை அறுக்கும். கீழே சதுப்பு இருக்கிறது, அங்கே நல்ல புல் உண்டு. ஆனால் அவ்வளவு தூரம் கால் வராது. குளத்துச் சேற்றில் முளைத்த இளம்புல் மட்டும்தான் தொண்டையில் இறங்கியது. பகலெல்லாம் தண்ணீர் ஓரம் நின்று அதைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

மருதிக்கு இது தெரியாது. அம்மா குளிர்ச்சிக்காக நிற்கிறாள் என்று நினைத்தாள். அத்தியும் சொல்லவில்லை. ஏற்கெனவே என் பின்னால் அலைகிறாள், இந்தப் பாரம் வேறா என்று இருந்துவிட்டாள்.

விழா நெருங்கியது. மருதி கரையில் இறங்கிப் புல்லைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கினாள்.

"மருதி, அந்தப் புல்லு கிடக்கட்டுமே," என்றாள் அத்தி.

"எப்படிம்மா கிடக்கும்? வர்றவங்க எங்க நிப்பாங்க? 'உன் கரை வழுக்குதுடி'ன்னு போன தடவை அக்கா எல்லார் முன்னாலயும் சொன்னாளே, மறந்துட்டியா?"

"கொஞ்சமாவது விடேன். அது வந்து..."

"அம்மா! எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு! எதுவானாலும் விழா முடிஞ்சு சொல்லு!"

அத்தி வாயை மூடிக்கொண்டாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். குட்டிகள் கரையை மிதித்துக் கட்டாந்தரை ஆக்கின. யானைகள் பெரியவர்களைக் கண்டால் துதிக்கை நுனியை அவர்கள் வாய்க்குள் வைத்து நலம் விசாரிக்கும். அதுதான் முறை. இந்த முறை கூட்டம், அவசரம். எல்லோரும் அத்தியின் நெற்றியைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

மருதியின் அக்கா நாவல், ஒரு மூங்கில் கட்டோடு வந்து இறங்கினாள். அம்மாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏண்டி மருதி, அம்மா இப்படி இளைச்சிருக்கா! நீ தீனி போடறியா இல்லையா?"

"போடறேன்க்கா. அவதான் சரியா சாப்பிட மாட்டேங்கறா."

"பக்கத்துல நின்னு ஊட்டணும்டி!"

"நீதான் வந்திருக்கியே, ஊட்டு."

"நல்லாயிருக்கே! நான் விருந்துக்கு வந்தவடி!"

நாவல் கொண்டுவந்த மூங்கிலில் முற்றியதாகப் பார்த்து ஒடித்து அத்தியிடம் நீட்டினார்கள். அத்தி வாங்கி வாயில் போட்டாள். காடே அதிரும்படி பிளிறினார்கள். பிளிறிவிட்டுத் தங்கள் தங்கள் தீனிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அத்தி கவளத்தைத் துப்பி, மரத்துக்குப் பின்னால் தள்ளினாள். ஒருவரும் பார்க்கவில்லை. தின்கிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்?

தினமும் காலையில் இதே கூத்து. அத்தி போடுவாள், அவர்கள் பிளிறுவார்கள், அவள் துப்புவாள்.

மருதி நிற்க நேரமில்லாமல் அலைந்தாள். ஒருத்திக்குத் தண்ணீர் கலங்கல் என்று குறை. ஒருத்தனுக்கு நிழல் போதவில்லை. இரண்டு ஆண் யானைகள் பலாமரத்தடி யாருக்கு என்று முட்டிக்கொண்டன. அதை விலக்கிவிட்டுத் திரும்பினால், "கிளை இன்னும் வரலையே மருதி!" என்று ஒரு குரல். காதை ஆட்டக்கூட அவளுக்கு நினைவு வரவில்லை. போகிற போக்கில், "அம்மா, சாப்பிட்டியா?" என்று ஒரு கேள்வி போடுவாள். பதில் வருவதற்குள் அடுத்த மரத்தடியில் இருப்பாள்.

பாதி விழாவில் தம்பி சடையன் வந்தான். தனிக்கட்டை. காட்டில் எங்கே படுப்பான், எங்கே எழுவான் என்று யாருக்கும் தெரியாது. ஒரு சுள்ளிகூடக் கொண்டுவரவில்லை. நேராகப் போய் அம்மா பக்கத்தில் சாய்ந்தான்.

"வந்துட்டாருய்யா துரை!" என்றாள் சித்தி யானை. "கிளை ஒடி, தண்ணி இறைன்னு எவளாவது சொல்லிடுவான்னு அம்மா மடியில ஒளிஞ்சுக்கிட்டாரு!"

"ஆமா சித்தி. உன் மடிக்கு வரலாம்னா அங்க வயிறுதான் இருக்கு."

மருதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டேய், பேச மட்டும் தெரியுதா? எழுந்து வா! பாறைப் பக்கம் தண்ணி ஊத்தணும்!"

"வரேன்க்கா," என்றான். வரவில்லை.

மரத்துக்குப் பின்னால் கிடந்த கவளங்களை அவன்தான் கண்டான். கடித்த தடமே இல்லை. அம்மா எனக்கென்று மிச்சம் வைத்திருக்கிறாள் என்று நினைத்தான். சந்தோஷமாகத் தின்றான். அவன் புத்தி அவ்வளவுதான். அத்தியும் அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மெல்லும்போது அவள் தாடையும் கூடவே அசைந்தது.

"ஏம்மா பேசவே மாட்டேங்கற?" என்று கேட்டான்.

"பேசினா பசிக்குதுடா."

சடையன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

விழாவின் பெரிய நாள் வந்தது. அன்றைக்கு மூத்தவள் முன்னால் நடந்து குளத்தில் இறங்க வேண்டும். மற்றவர்கள் பின்னால் வரிசையாக இறங்குவார்கள். அத்தி எழுந்தாள். நடந்தாள். கரைக்கு வருவதற்குள் முன்னங்கால் மடங்கியது. அப்படியே உட்கார்ந்தாள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள்.

வரிசை நின்றுபோனது. பின்னால் இருந்த குட்டிகள், "ஏன் போகல? ஏன் போகல?" என்று கத்தின.

மருதி ஓடிவந்தாள். "அம்மா! எல்லாரும் பாக்கறாங்க! எழுந்திரும்மா! நாளைக்கு முடியப்போகுது. அதுவரைக்கும் கொஞ்சம் ஒத்துழைக்கக் கூடாதா? நான் என்ன செத்துடவா?"

இப்படித்தான் கேட்டாள். நூறு காதுகள் முன்னால் கேட்டாள்.

"எழுந்துடறேன்டி. கொஞ்சம் பொறு," என்றாள் அத்தி. தலையைத் தூக்கினாள். தலை மறுபடியும் மண்ணில் விழுந்தது.

"வெயில்தான், வேற ஒண்ணுமில்ல," என்றாள் நாவல். "மூங்கில் கொடுங்க, தெம்பு வரும்!"

"நல்லா முத்தினதா கொடுங்க!" என்றாள் சித்தி.

ஆளுக்கு ஒரு மூங்கிலைக் கொண்டுவந்து அத்தியின் முகத்துக்கு முன்னால் போட்டார்கள். போடப் போட அது மேடாகி அவள் கண்ணையே மறைத்தது.

சடையன் கூட்டத்தை முட்டி விலக்கிக்கொண்டு வந்தான். பயந்துபோயிருந்தான். பயந்த யானைக்குட்டி அம்மாவின் வாய்க்குள் துதிக்கையை விடும். இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவனும் அதையே செய்தான். விட்ட துதிக்கையை எடுக்கவில்லை. இந்தப் பக்கம் தடவினான். அந்தப் பக்கம் தடவினான்.

"அம்மா, பல்லு எங்கம்மா?"

"போயிடுச்சுடா."

"எப்போ?"

"மழைக்கு முன்னாலயே."

"அப்போ எதைத் தின்னே இத்தனை நாளா?"

அத்தியின் கண் கரைப் பக்கம் போனது. அங்கே ஒன்றும் இல்லை. மிதிபட்டு இறுகிய மண் மட்டும் இருந்தது. மருதியும் அங்கே பார்த்தாள்.

"அந்தப் புல்லையா?" என்றாள் மெதுவாக. பிறகு கத்தினாள். "நான் கேட்டேனேம்மா! சாப்பிட்டியான்னு தினம் கேட்டேனே!"

"கேட்டடி. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள போயிட்ட."

சடையனுக்கும் தான் தின்ற கவளங்கள் எல்லாம் என்னவென்று அப்போதுதான் புரிந்தது. அழுதுகொண்டு நிற்கவில்லை. மூங்கில் மேட்டைக் காலால் தள்ளிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"விருந்து முடிஞ்சது! எல்லாரும் கிளம்புங்க!"

"டேய்!" என்றாள் நாவல். "விழா நடுவுல வந்தவங்களப் போகச் சொல்றதா? மானம் போயிடும்டா!"

"போகட்டும். நீ போகாத பெரியக்கா. கீழ சதுப்புல சேத்துப்புல்லு இருக்கு. போய் எடுத்துட்டு வா."

"அவ்வளவு தூரமா? நானா?"

"நீதான். நீயும் இவளுக்குப் பொறந்தவதானே?"

நாவல் தரையில் கிடந்த அம்மாவைப் பார்த்தாள். சதுப்புப் பக்கம் நடந்தாள்.

"சோத்துக்கு வந்த பய, நம்மள விரட்டறான் பாரு!" என்று சித்தி குதித்தாள். "இந்தப் பக்கம் இனிமே தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!"

"கோவிச்சுக்கோ சித்தி. நடந்துகிட்டே கோவிச்சுக்கோ!"

முணுமுணுத்தார்கள். பெரியவர்களுக்கு மரியாதை இல்லை என்றார்கள். முதல் கவளம் நின்றால் குளம் வற்றும் என்று ஒருத்தி சொன்னாள். சொல்லிக்கொண்டே கலைந்தார்கள்.

சடையன் காட்டுவாழையைச் சாய்த்து உள்தண்டை உரித்தான். தானே மென்று கூழாக்கினான். அம்மாவின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தான். வாழ்நாளில் வாய்க்குள் போன தீனியை அவன் வெளியே எடுத்தது அன்றைக்குத்தான். முதல் வாய் வெளியே வழிந்துவிட்டது. அடுத்தது இறங்கியது.

மருதி எழுந்தாள். "நான் போய் இன்னும் ரெண்டு வாழை..."

"நீ படு அக்கா."

"தண்ணி கொண்டு வரணும். அந்தப் பக்கம் வேற..."

"படுன்னா படு! நீயும் சாஞ்சுட்டா நான் யாரைத் தூக்குவேன்?"

அம்மாவின் முதுகோடு முதுகு ஒட்டி மருதி படுத்தாள். அழ ஆரம்பித்தாள். அழுது முடிப்பதற்கு முன்னாலேயே தூங்கிவிட்டாள். எத்தனை நாள் தூக்கமோ.

அத்தி எழுந்து நின்றாள். உடனே இல்லை. நாவலும் சடையனும் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். பிறகு பழைய அத்தியாக அவள் நடக்கவே இல்லை. மெல்ல மெல்ல, நின்று நின்று, அவளைக் கீழே சதுப்புக்கு அழைத்துப்போனார்கள்.

யார் எப்போது கூட இருப்பது என்று அங்கே பேசினார்கள். நாவலுக்குக் குட்டிகள் இருந்தன. அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள். சடையன் விடவில்லை. "குட்டிகளையும் கூட்டிட்டு வா. பாட்டியப் பாக்கட்டும்," என்றான்.

"நீ என்னடா செய்வ?" என்று கேட்டாள்.

"எனக்கு வேலை ஒண்ணும் வராது. பக்கத்துல கிடப்பேன். மென்னு கொடுப்பேன். அது வரும்."

அப்படியே செய்தான். நாவலின் முறை வந்தபோதெல்லாம் மருதி மலைமேல் போய்த் தனியாக மேய்ந்துவிட்டு வந்தாள். முதலில் போக மனம் வரவில்லை. சடையன் முட்டித் தள்ளி அனுப்பினான்.

அத்தி கோடையைத் தாண்டினாள். அடுத்த மழையைப் பார்க்கவில்லை. போகும்போது வயிற்றில் தீனி இருந்தது. பக்கத்தில் பிள்ளைகள் இருந்தார்கள்.

விழுந்து கிடந்தபோது, 'கொஞ்சம் ஒத்துழைக்கக் கூடாதா?' என்று மருதி கேட்டதை அத்தி அன்றைக்கே மறந்துவிட்டாள். மருதி மறக்கவில்லை. விழா வரும்போதெல்லாம் அது அவளுக்குக் கேட்கிறது. அதற்கு மருந்து கிடையாது.

பெற்றவர்களுக்காக எவ்வளவு ஓடினாலும், அவர்கள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் இருக்காவிட்டால் அத்தனை ஓட்டமும் வீண். அந்தக் காட்டில் அப்படிப் பக்கத்தில் இருந்தவன், எல்லோரும் சோம்பேறி என்று ஒதுக்கிய சடையன்.