பின்வரிசைக்கு ஒரு குரல்

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. எங்கே என்று இப்போதே கேட்கக் கூடாது. வரும். வரும்வரை வாயை இறுக்கி மூடிக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் அவசரப்பட்டுச் சிரித்தவர்கள் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

கோவில்பட்டி பக்கத்தில் ஒரு ஜூனியர் ஹாக்கி லீக். கரிசல் தரை, இரண்டு கோல்கம்பம், ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்த மண்ணில் விழுந்து எழுந்த நாலு பேர் பிற்பாடு இந்தியாவின் நீலச் சட்டையைப் போட்டார்கள். பால்துரை, பீர்முகமது, லிங்கராஜ் மூவரும் கோலுக்கு முன்னால் நிற்கும் பின்வரிசை. நாலாவது ஆள் கோல்கீப்பர் கொம்பையா.

கொம்பையாவுக்குக் கையும் காலும் ஓடுகிற ஓட்டத்துக்குத் தொண்டையும் ஓடும். யார் குரலும் வரும். பள்ளியில் படிக்கும்போது ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கைப் பிடித்து, "கனமழை காரணமாக இன்று பள்ளி விடுமுறை" என்று அறிவித்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. பாதிப் பள்ளிக்கூடம் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியது.

இது அந்தச் சிரிப்பு இல்லை. பொறுங்கள்.

அவனுக்கு வராத குரல் ஒன்றே ஒன்று. லீக்கை நடத்திய செண்பகவல்லி டீச்சருடையது. அவரும் அதே மண்ணில் கீப்பராக நின்று, பெண்கள் அணிக்காக நீலச் சட்டை போட்டவர். பயிற்சி நடக்கும்போது அவர் பேசவே மாட்டார்; மற்ற நேரமும் ஒன்றிரண்டு வார்த்தைதான். மைதானத்தில் எல்லாம் விசில்தான். பேசாத ஆளின் குரலை எப்படிச் செய்வது?

கீப்பருக்குப் பாதி வேலை கத்துவது. ஆட்டம் முழுக்க அவன் கண்ணுக்குத்தான் தெரியும். பின்வரிசை அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். நீ இடது, நீ ஏறு, நீ விடு என்று அவன் கத்தக் கத்த, திரும்பிப் பார்க்காமல் அவர்கள் நகர வேண்டும். திரும்பிப் பார்த்தால் கதை முடிந்தது.

தேசிய அணியில் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தடவை அங்கே நின்றது ஊர்ப் பயல்கள் இல்லை, வேறு பின்வரிசை.

அங்கே பல வருஷமாகக் கீப்பராக நின்றவர் பஞ்சாபிக்காரர் குர்லால். அவர் முட்டியில் அடிபட்டு பெஞ்சில் உட்கார, குளிர்தேசத்து ஊர் ஒன்றில் கொம்பையா கோலுக்குள் போனான். போன வேகத்தில் கத்தினான். பின்வரிசை, யாரடா இது என்று திரும்பியது. அந்த ஒரு நொடியில் கோல்.

இடைவேளை முடிந்து வந்தவன் குர்லால் குரலில் கத்தினான். பின்வரிசை நூல் கட்டி இழுத்தாற்போல் நகர்ந்தது. மேட்சை ஜெயித்தார்கள்.

பெஞ்சில் குர்லால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் குரல் எதிரே கோலுக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தது. அவர் கடைசிவரை கண்ணிமைக்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

ஜெயித்த குஷியில் கொம்பையாவுக்குக் கை பரபரத்தது. குர்லாலின் அம்மாவுக்கு ஃபோன் போட்டான். குர்லால் தினமும் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அந்த நாலு வரிப் பஞ்சாபி அவனுக்கு மனப்பாடம். சாப்பிட்டேன், கால் தேவலை, குளிர்தான், வைக்கிறேன். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் நிஜ குர்லால் ஃபோன் போட்டார்.

"என் பிள்ளை இப்பத்தானே பேசினான். நீ யாரு?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா வைத்துவிட்டார். மறுபடி மறுபடி அடித்தும் எடுக்கவில்லை.

இங்கே சிரிக்கலாமா என்று பார்க்கிறீர்கள். அணி தங்கியிருந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. குர்லால் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், அடித்து ஓய்ந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கொம்பையா மன்னிப்புக் கேட்கப் போனான். வாயைத் திறந்தான். மன்னிப்பு குர்லால் குரலில் வந்தது. பதறி மறுபடி கேட்டான். இந்தத் தடவை தலைமைப் பயிற்சியாளர் குரல். ஓடிப்போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னான். கண்ணாடியில் உதடு அசைந்தது. பேசியது வேறு ஆள்.

எந்தப் பக்கம் தேடியும் அவனுடையது அகப்படவில்லை.

தலைமைப் பயிற்சியாளர் சுருக்கமாகச் சொன்னார். "அடுத்த முகாமுக்கு உன் குரலோடு வா. இல்லையென்றால் வராதே. கோலுக்குள்ளே யார் நிற்கிறான் என்று தெரியாமல் என்னால் அணியை இறக்க முடியாது."

நீலச் சட்டை போட்டவன் ஊருக்கு வந்தால் வீட்டுக்குப் போகுமுன் மைதானத்துக்கு வர வேண்டும் என்பது அந்த லீக்கின் வழக்கம். கொம்பையா ரயிலை விட்டு இறங்கிப் பெட்டியோடு வந்து நின்றான். டீச்சர் மட்டைகளுக்குப் பிடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், என் குரல் காணாமப் போச்சு."

அதையும் ரயில்வே அறிவிப்பு அம்மாளின் குரலில்தான் சொன்னான். பயணிகளின் கனிவான கவனத்துக்கு என்பதுதான் பாக்கி.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "எங்கல வச்ச?"

"வச்ச ஞாபகமே இல்ல டீச்சர்."

நடந்ததையெல்லாம் சொன்னான். ஃபோன் விஷயத்தை வேறு யாரிடமும் சொன்னதில்லை. டீச்சரிடம் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் ஏழெட்டு பேர் அவன் வாய் வழியாக வந்து போனார்கள்.

"எந்தக் குரல்ல கத்துனா டீச்சர் பின்வரிசை கேக்கும்?"

 டீச்சர் பிடி சுற்றி முடித்துப் பல்லால் நாடாவைக் கடித்து அறுத்தார்.

"காலையில பேடு கட்டிட்டு வா. பழைய பின்வரிசைய வரச் சொல்லுதேன்."

"பால்துரையும் பீருவுமா?"

"வாரவன் வரட்டும்."

"லிங்கம் இருந்திருந்தா..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். லிங்கராஜ் சாத்தூர் பக்கம் பைக்கில் போகும்போது லாரி அடித்துச் செத்தவன். அவன் பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்தது கொம்பையா.

மார்கழி மாதம். விடிந்தும் விடியாத நேரத்தில் கரிசல் மேல் பனி இறங்கி, எதிர்க்கோல் இருக்கிற திசையே தெரியவில்லை. டீச்சர் கறுப்புத் துணியை எடுத்தார். அந்த லீக்கில் கீப்பர்களுக்கு அது பழக்கம்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு, பந்து மட்டையில் படுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்ல வேண்டும். துணியைக் கட்டி மேலே ஹெல்மெட்டை மாட்டிவிட்டு டீச்சர் விசிலை ஊதினார். அவர் காலடி பனிக்குள் போய்விட்டது.

 தொட்டியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

"ஏலே இந்தியா கீப்பரு! தொப்பை போட்டுட்டியாமே!"

பால்துரை! கொம்பையாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எப்பலே வந்த?"

"நேத்து ராத்திரி வண்டியில. கதைய அப்புறம் பேசு, மொதல்ல கத்து."

வலது பக்கத்திலிருந்து பீர்முகமதுவின் மூக்கடைத்த குரல் வந்தது. "பஞ்சாபிக்காரர் அம்மா உன்னத் தத்து எடுத்துட்டாங்களாமே மாப்ள! சொத்துல பங்கு உண்டா?"

செய்தி அதற்குள் இவன் வரைக்கும் போய்விட்டதா என்று கொம்பையா நினைத்துக்கொண்டான். ஒருவன் முடித்த பிறகே இன்னொருவன் பேசினான். முன்பெல்லாம் ஒருவன் பேச்சில் ஒருவன் விழுந்து அடிப்பார்கள். நீலச் சட்டை பயல்களுக்கு ஒழுங்கு கற்றுக்கொடுத்திருக்கிறது.

இடது பக்கம் மட்டை தட்டியது. கொம்பையா குர்லால் குரலில் கத்தினான். "பால்துரை, இடது!"

காலடி கேட்கவில்லை. பந்து அவனைத் தாண்டிக் கோலின் பின்பலகையில் தொம்மென்று மோதியது.

"எவம்ல அது?" என்றான் பால்துரை. "தெரியாத ஆளு சொல்லி நான் நகர மாட்டேன்."

தலைமைப் பயிற்சியாளர் குரலில் கத்தினான். தொம்.

"இவரு யாரு, புதுசா?" என்றது பீருவின் குரல்.

ஹெட்மாஸ்டர் குரல். தொம். ரயில்வே அம்மாள். தொம். கைவசம் இருந்த ஆள்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தினான். ஒருவர் பேச்சுக்கும் ஒரு கால் நகரவில்லை. ஹெல்மெட்டுக்குள் வியர்வை உப்புக் கரித்தது. முகாமும் இப்படித்தான் போகும் என்று தெரிந்துவிட்டது. கத்துவான். பின்வரிசை திரும்பிப் பார்க்கும்.

பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. பால்துரை இல்லை, பீரு இல்லை. தொட்டிச் சொட்டும் நின்றிருந்தது.

"கொம்பு."

அப்படி அவனைக் கூப்பிட்டவன் ஒருவன்தான். கடைசி எழுத்தை விழுங்கி, பாதியில் விட்டுவிடுகிற மாதிரி.

"கொம்பு. நான் எங்க நிக்கட்டும்?"

கொம்பையாவின் முதுகு கோல்வலையில் போய் ஒட்டியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் லிங்கராஜ் கேட்கிற கேள்வி. கேட்காமல் ஒரு அடி வைக்க மாட்டான். இப்போது அந்தக் குரல் இரண்டு கை தூரத்தில் நின்று கேட்டது.

கொம்பையா குர்லாலைக் கூப்பிட்டான். வரவில்லை. பயிற்சியாளரைக் கூப்பிட்டான். வரவில்லை. தொண்டைக்குள் இருந்த அத்தனை பேரும் கதவைச் சாத்திக்கொண்டு ஓடிப்போயிருந்தார்கள்.

"சொல்லுடா. பந்து வருது. எங்க நிக்கட்டும்?"

மட்டை தட்டியது. பந்து உருள்கிற சரசரப்பு.

அப்போது எவனோ ஒருவன் கத்தினான்.

"இடது! லிங்கம், இடது பக்கம் ஏறு! போடா!"

கரகரவென்று, நடுவில் உடைந்து, மீசை முளைக்கிற வயதில் பையன்களுக்கு உடையுமே, அப்படி. பக்கத்திலிருந்து வந்தது. கோலுக்குள்ளேயே ஆள் நிற்கிறானோ என்கிற அளவுக்குப் பக்கம்.

கரிசலில் தடதடவென்று ஓட்டம். இடது பக்கம். மட்டை தரையை உரசியது. பந்து வரவில்லை.

"சரி கொம்பு" என்றான் லிங்கராஜ்.

கொம்பையா ஹெல்மெட்டைக் கழற்றி வீசினான். துணியைப் பிய்த்தான். பனி கொஞ்சம் விலகியிருந்தது. மைதானம் காலி. இடது பக்கம் டீச்சர் மட்டும் பந்தை மட்டைக்குக் கீழே அடக்கிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு, மேல்மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"பால்துரை எங்க டீச்சர்?"

"சென்னையில. அவனுக்கு இன்னைக்கு ரயில்வே மேட்சு."

"பீரு?"

"கப்பல்ல. நேவியில டூட்டி."

லிங்கத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை. டீச்சரும் சொல்லவில்லை. இரண்டு பேர் பேச்சு ஒருதடவைகூட ஒன்றன்மேல் ஒன்று விழாதது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஊரையே ஏமாற்றியவனுக்கு இது உறைக்க இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது.

"அம்புட்டும் நீங்களா?"

"ஆமாலே" என்றார் டீச்சர், பால்துரை குரலில். "வேற எவன் வருவான் இந்தப் பனியில" என்றார், மூக்கடைத்து.

கொம்பையா அப்படியே தரையில் உட்கார்ந்தான். கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. தொழில்காரனுக்குத் தொழில்காரன் மேல் வருகிற ஆசைதான் வந்தது.

"நடுவுல ஒருத்தன் கத்துனானே டீச்சர். இடது பக்கம் ஏறுன்னு. பால்துரை இல்ல, பீரு இல்ல, நம்ம லீக்குல யாரும் இல்ல. நான் கேட்டதே இல்ல அந்தக் குரல. ஒரே வார்த்தையில லிங்கமே நகர்ந்துட்டான்! அது யாரு டீச்சர்? அத மட்டும் சொல்லிக் குடுங்க. பழகிக்கிட்டு முகாமுக்குப் போயிருதேன்."

டீச்சர் பந்தை எடுத்து முந்தானையில் துடைத்தார்.

"அது மட்டும் நான் இல்ல கொம்பையா."

அவன் விருட்டென்று திரும்பிப் பார்த்தான். கோலுக்குள் ஒருவரும் இல்லை. வலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வலையையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவன் கை மெல்ல எழுந்து, எரிகிற தன் தொண்டையைத் தொட்டது.