ரெண்டு கொடியும் தாரியோட கெழங்குத் தோட்டமும்

உக்காருங்க, உக்காருங்க. பின்னால யாரது இன்னும் பேசிக்கிட்டு? நீ முடி, அப்புறம் நான் ஆரம்பிக்கிறேன். ஆச்சா? சரி.

இன்னைக்கு வனுவாட்டுன்னு சொல்ற தீவுங்கள முன்ன ரெண்டு அரசாங்கம் சேந்து ஆண்டுச்சு. இங்கிலீஷ்காரன் ஒண்ணு, பிரெஞ்சுக்காரன் ஒண்ணு. ரெண்டு போலீசு, ரெண்டு ஜெயிலு, ரெண்டு கொடி. எவன் கொடி ஒரு விரக்கடை ஒசந்துச்சுன்னு தினம் காலைல நாடா வச்சு அளப்பானுங்க.

அங்க தாரின்னு ஒரு ஆளு. பொண்டாட்டி, நாலு புள்ளைங்க. வருசம் பூரா வயித்துக்கு அவனோட வள்ளிக்கெழங்குத் தோட்டந்தான். அதச் சுத்தி ஒரு பிரெஞ்சு மொதலாளி வேலி போட்டுட்டான். தென்னை வைக்கப் போறானாம்.

தாரி இங்கிலீஷ் தொரகிட்ட ஓடுனான். அவரு மூக்காலயே பேசுவாரு. "வேலி போட்டவன் பிரெஞ்சுக்காரன். அங்க போ."

பிரெஞ்சுத் தொர தோளத் தூக்குனாரு. "நீ பிரெஞ்சுக்காரன் இல்லியே. அங்க போ."

"அப்ப நான் யாரோட ஆளு தொர?"

"யாரோட ஆளும் இல்ல. ஒருத்தர் மட்டும் உத்தரவு போட முடியாது. நாங்க ரெண்டு பேரும் கூடிப் பேசி முடிவு சொல்றோம். காத்திரு."

ரெண்டு தொரகிட்டயும் மாறி மாறி நாலு மாசம் நடந்தான். நடவு நாளு முடியப் போகுது. விதைக்கெழங்கு மொளை விட்டு வாடுது. கடைசில ஊர்ப் பெரியவரு குரு மோலிகிட்ட வந்து தொப்புன்னு உக்காந்தான். அவரு லேசுல பேச மாட்டாரு; மோலி வாயத் தொறந்தா மழை வரும்னு ஊருல கேலி.

"காலு தேஞ்சு போச்சுங்கய்யா. எந்தத் தொர பேச்சு எடுபடும்? அத மட்டும் சொல்லுங்க."

மோலி எழுந்து தாரி வீட்டுக்குப் போனாரு. விதைக்கெழங்குக் கூடையத் தூக்குனாரு. குழி தோண்டுற கம்ப எடுத்தாரு. நடந்தாரு.

"எங்கய்யா?"

தாரி பின்னாலயே ஓடுனான்.

தொரைங்க கொடி அளக்குற நேரம். மோலி வேலிக்குள்ள நொழஞ்சு தோண்ட ஆரம்பிச்சாரு.  தாரி குழிக்குக் குழி நட்டான். மத்தியானத்துக்குள்ள கூடை காலி.

மொதலாளி ரெண்டு தொரையையும் இழுத்துக்கிட்டு வந்துட்டான்.

"என் போலீசு புடிக்கும்," இங்கிலீஷ் தொர.

"நீ தனியா எப்படிப் புடிப்ப? என் போலீசு புடிக்கும்," பிரெஞ்சுத் தொர.

"நீ மட்டும் தனியா புடிக்கலாமோ?"

ரெண்டு மூஞ்சியும் செவந்துபோச்சு. கடைசில தாரி பக்கம் திரும்புனாங்க. "யாரு உத்தரவுல நட்ட?"

தாரி குருவப் பாத்தான்.

மோலி கையில ஒட்டுன மண்ணத் தட்டுனாரு.

"அவசரமில்ல தொர. கூடிப் பேசி முடிவு சொல்லுங்க. நாங்க கெழங்கு தின்னுக்கிட்டே காத்திருக்கோம்."