பச்சையாயி பச்சையைத் துறந்த கதை

நெல்லும் புல்லும் மீனும் பிறந்திராத அந்தக் காலத்தில் காற்றுக்குப் பேச்சு இருந்தது. ஒரு பாறைக்குழித் தண்ணீரில் பாசிகள் வாழ்ந்தன. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பச்சை மணி. வெயிலைச் சமைத்து உண்ணும். பெருத்ததும் நடுவில் பிளந்து இரண்டாகும். பிறகு இரண்டும் ஆளுக்கொரு பக்கம் மிதந்து போய்விடும்.

அப்படிப் பிளந்து, இன்னும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் பச்சையாயியும் அவள் தங்கை மரகதமும்.

அப்போது பெரும் பஞ்சம். வெயிலுக்குக் குறைவில்லை. உடம்பை வளர்க்கும் உப்புச்சத்துதான் தண்ணீரில் தீர்ந்துபோயிருந்தது. பாசிகள் வெளிறி வெளிறி அடியில் படிந்தன.

பச்சையாயி மேலே பார்த்துக் கூப்பிட்டாள். "காற்றண்ணே, நாங்கள் பிழைக்க ஒரு வழியும் இல்லையா?"

காற்று நின்றது. "நீங்கள் தேடும் சத்து என்னிடம் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் வெயில் சமைக்கும் உடம்பில் அதை ஆக்க முடியாது, கெட்டுப்போகும். தன் பச்சையை அழித்துவிட்டுத் தடித்த ஓட்டுக்குள் அடைந்துகொள்கிறவளுக்குத்தான் தருவேன். யோசித்துக்கொள். போன பச்சை திரும்பாது. அவளுக்குப் பிள்ளையும் பிறக்காது."

மற்றப் பாசிகள் இன்னும் ஆழத்துக்கு ஒதுங்கின.

"நான் வாங்கிக்கொள்கிறேன்" என்றாள் பச்சையாயி.

மரகதம் பதறினாள். "வேண்டாம் அக்கா! பச்சை இல்லாமல் எதைச் சாப்பிடுவாய்? பட்டினியிலேயே போய்விடுவாய்."

"நீ என்னை விட்டுப் போனால்தான் போவேன். நீ சமைப்பதில் எனக்கும் கொஞ்சம் கொடு. நான் ஆக்குவதை உனக்குத் தருகிறேன்."

பச்சையாயி தன்னைச் சுற்றி ஓட்டைத் தடிப்பாக்கினாள். அவள் உடம்பிலிருந்த பச்சை மெல்ல மெல்ல வடிந்தது. கண்ணாடித்துளிபோல் அவள் தெளிந்து நின்றபோது, மலைகளை உரசித் திரியும் அவ்வளவு பெரிய காற்று, தூசியிலும் சிறிய அந்த உடம்புக்குள் சத்தமில்லாமல் இறங்கியது.

சத்து ஊறியது. ஒட்டியிருந்த இடம் வழியே அது மரகதத்துக்குள் பாய, வெளிறிக் கிடந்தவள் பளிச்சென்று பச்சையானாள். உடனே தன் பங்கு உணவை அக்காவுக்கு ஊட்டினாள். பிறகு மரகதம் பிளந்தாள். பிறந்த மகள் விலகிப் போகவில்லை; தாயைப் பற்றிக்கொண்டாள். அவள் மகளும் அப்படியே. மணிமணியாகச் சரம் நீண்டது. நீளநீள, பச்சையாயியின் கைக்கு எட்டாத தூரத்திலும் பசி வந்தது. அங்கே இன்னொருத்தி, யாரும் கேட்காமலே, தன் பச்சையைத் துறந்தாள்.

அன்று தொடங்கித்தான் வயல் தண்ணீரில் அவர்கள் வழிவந்த பாசி தனித்தனியாகப் பிரியாமல் நூலாகவே வாழ்கிறது. அதன் பச்சை மணிகளுக்கு நடுவே அங்கங்கே வெளிறிய மணி ஒன்று, காற்றை உணவாக்கிக்கொண்டு அசையாமல் இருக்கிறது.