மீசையில்லாத தூது

நம் நாட்டுப் படகோட்டிகளை அக்கரை ராஜா சிறைபிடித்தார். மீட்டுவர மந்திரி தன் மைத்துனர்களையே ஒவ்வொருவராகத் தூது அனுப்பினார். எல்லாருக்கும் ஒரே முறுக்கு மீசை, ஒரே தலைப்பாகை, ஒரே பேச்சு.

"முடியாதென்று சொன்னேனே, ஏன் திரும்பத் திரும்ப வருகிறாய்?" என்று ராஜா எல்லாரையும் விரட்டினார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று இங்கே ஒருவருக்கும் புரியவில்லை.

புருஷனைச் சிறையில் விட்டுத் தவித்த ஓடக்காரி பொம்மி, "நான் போறேன், சாமி" என்று அரசவையில் வந்து நின்றாள்.

மந்திரி சீறினார். "தூது போக எங்களைப் போல இருக்கணும். மீசை முளைச்சதும் வா!"

"மீசையோட போனா, 'மறுபடியும் நீதானா'ன்னு என்னையும் விரட்டிடுவாரே, சாமி!"

அரசர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அவளையே அனுப்பினார். பொம்மி புருஷனோடும் மற்றவர்களோடும் திரும்பி வந்தாள்.

மந்திரி குழம்பிப்போய், "அந்த ராஜா உன்கிட்ட என்னதான் சொன்னார்?" என்று கேட்டார்.

"'உங்க நாட்டுல ரெண்டாவதா ஒரு ஆளும் இருக்கா?'ன்னு ஆச்சரியப்பட்டாரு, சாமி."