கல் நகராத மேட்டு வளை

குளக்கரைக்குக் கீழே நெல்வயல். அதன் வரப்பில் ஓர் எலிக்கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு இரண்டு வளைகள்.

எல்லாரும் குடியிருந்தது வரப்புக்குள் இருந்த கீழ் வளையில். வெள்ளம் வந்தால் ஓடிப் பிழைக்க, பக்கத்து மண்மேட்டில் இன்னொரு வளை தோண்டி வைத்திருந்தன. கீழே ஒரு கதிர் வைத்தால் மேலேயும் ஒரு கதிர் வைக்கும். கீழே ஒன்றைத் தின்றால் மேலேயும் ஒன்றை எடுத்துவிடும். இரண்டு இடத்திலும் எப்போதும் ஒரே அளவு நெல்.

கீழ் வளைக்குத் தலைவன் பெருவாலன். மேட்டு வளைக்குக் காவல் கட்டையன். அது உள்ளே இருந்துகொண்டு, ஒரு கதிர் மட்டும் நுழையும் இடுக்கு விட்டு, பெரிய கல்லால் வாசலை அடைத்திருக்கும். பெருவாலன் நேரில் வந்து, "நான் விட்டேன், நீ எடு!" என்று சொல்லிப் பொறுப்பை ஒப்படைத்தால்தான் கல் நகரும். வேறு யார் கத்தினாலும் நகராது.

முன்பு ஒரு தடவை யாரோ சும்மா "வெள்ளம்!" என்று கத்தினார்கள். இரண்டு வளையும் ஒரே நேரத்தில் நெல் கொடுக்க ஆரம்பித்தன. யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் கூட்டமே இரண்டாகப் பிரிந்து கடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு போட்ட சட்டம் இது.

சட்டத்தைக் குறை சொல்லவில்லை. அதைச் சோதித்துப் பார்த்த லட்சணம்தான் கேவலம்.

மாதம் ஒரு தடவை, மழை இல்லாத நாளாகப் பார்த்துச் சோதனை வைப்பார்கள். பெருவாலன் முன்னால் நடக்கும். கூட்டம் பின்னால் போகும். "நான் விட்டேன், நீ எடு!" கல் நகரும். எல்லாரும் நெல் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். இதற்குப் பேர் சோதனையாம்! விருந்து என்று சொல்லியிருக்கலாம்.

கீச்சி என்று ஒரு தாய் எலி. கண் திறக்காத மூன்று குட்டிகள் அதற்கு. அதற்கு மட்டும் அந்த நெல் தொண்டையில் இறங்கவில்லை.

"அண்ணே, அடுத்த மாசம் நீங்க வராதீங்க!" என்றது.

"ஏன் தங்கச்சி? நான் வந்தா உனக்குப் பங்கு குறையுதா?"

"அதுக்கில்லண்ணே. செத்துப்போன மாதிரி கீழயே கிடங்க. நீங்க இல்லாம கட்டையன் கதவைத் திறக்குதான்னு பார்க்கணும்."

பெருவாலன் மீசை துடித்தது. "என்னைச் சாகச் சொல்றியா?"

"நல்லா சோறு தின்னுட்டு வாயில வர்ற பேச்சைப் பாரு!" என்றது ஒரு கிழட்டு எலி.

"கீச்சி தலைவியாகப் போறாங்களாம், வழிவிடுங்கப்பா!" என்றது இன்னொன்று. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. அதற்குமேல் அது கேட்கவில்லை.

அந்த வாரமே ஐப்பசி மழை விடாமல் அடித்தது. ஒரு நாள் மத்தியானம் குளக்கரை உடைந்தது.

பெருவாலன் அப்போது நெல் அறையில், வளையின் அடியாழத்தில் இருந்தது. தண்ணீர் நேராக அங்கேதான் இறங்கியது. அதன் பெரிய வால் மட்டும் மிதந்து போவதைக் கீச்சி பார்த்தது.

அழ நேரமில்லை. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. வாயில் குட்டி இருந்தால் கத்த முடியாது. கத்த வேண்டுமானால் குட்டியை மழையில் கிடத்த வேண்டும். கிடத்தியது.

"கட்டையா! கல்லைத் தள்ளு! வெள்ளம்!"

"அண்ணன் எங்க?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"செத்துட்டாரு!"

"அதை அவரே வந்து சொல்லட்டும்!"

"செத்தவரு எப்படிடா வந்து சொல்வாரு? உனக்கு மண்டையில என்ன இருக்கு?"

"நீ திட்டினா சட்டம் மாறாது. அவர் கீழ உயிரோட இருந்து, நானும் இங்க திறந்தா என்ன ஆகும்? போன தடவை கடிபட்டது என் காது, உன் காதில்ல!"

"குட்டிங்க நனையுது கட்டையா! உன் கால்ல விழறேன்!"

கல் நகரவில்லை. மற்ற எலிகளும் வந்து சேர்ந்தன. மேட்டு மண் சரளைக்கல் மண். அவசரமாகத் தோண்டியதில் நகம் பிய்ந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். மறைய இடமில்லாத மேட்டில் நாரைகள் வந்து இறங்கின. கிழட்டு எலியை ஒரு நாரை கொத்திக்கொண்டு போனது. மற்றவையும் ஒவ்வொன்றாக நாரைக்கும் வெள்ளத்துக்கும் போயின. கீச்சி குட்டிகள்மேல் குடை மாதிரி படுத்துக்கொண்டது. மழை அதன் வயிற்றுக்கு அடியிலும் ஓடியது.

முதலில் ஒரு குட்டி முனகுவதை நிறுத்தியது. அப்புறம் இன்னொன்று.

பொழுது சாயும்போது மழை விட்டது. வெளியே ஒரு சத்தமும் இல்லாமல் போகவே, கட்டையனுக்குப் பயம் வந்தது. கல்லைத் தள்ளிவிட்டுத் தலையை நீட்டியது. வாசலில் கீச்சி மட்டும் இருந்தது.

"அண்ணன் நெஜமாவே போயிட்டாரா?" என்றது கட்டையன். பிறகு அதுவே, "நெல் அப்படியே இருக்கு, வந்து பாரு. ஒரு மணிகூட நனையல" என்றது.

கீச்சி மூன்றாவது குட்டியை நக்கிக்கொண்டே இருந்தது. அது விறைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

நீதி: தலைவன் கூடவே நின்று கதவைத் திறந்துவிடுவதைச் சோதனை என்று நம்புகிற கூட்டம், அவன் இல்லாத நாளில் தன் சொந்த நெல்லுக்கு வெளியிலேயே நின்று சாகும்.