வெறுங்குழாயில் எழுந்த முகடு

இந்தக் கதையில் குருவுக்கு வயது சீடரைவிடப் பன்னிரண்டு குறைவு. முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் தாடியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

குரு, பேராசிரியர் பிரிஸ்கில்லா. நாகர்கோவிலில் ஆய்வுக்கூடம் வைத்து, ரத்தத்தில் ஓடும் கொழுப்புகளை இனம் பிரித்துப் பார்ப்பவர். சீடர், இதய மருத்துவர் தாணுமாலயன். எண்ணெய்க்கு ஊரில் அவரைப் போல ஓர் எதிரி கிடையாது. "பப்படமா? பொரிச்சதா? நல்லது. சொத்தை யாருக்குன்னு எழுதி வச்சிருங்க" என்பார் நோயாளியிடம். அவருடைய ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு இந்த வசனம் அதே மூக்குக் குரலில் மனப்பாடம்.

அப்பேர்ப்பட்டவர் ஐம்பத்தைந்து வயதில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்தார். சாயங்காலம் ஆஸ்பத்திரியை விட்டால் நேரே ஆய்வுக்கூடம். மகள் வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று குழாய் கழுவினார். அதிலெல்லாம் அவருக்கு வருத்தமில்லை. ஒரே ஒரு குறைதான். வெளியாட்கள் வந்தால் பிரிஸ்கில்லா மற்றவர்களைக் காட்டி, "என் மாணவி, என் மாணவர்" என்பார். இவரிடம் வரும்போது மட்டும், "இவங்க நம்ம ஊர் டாக்டர்" என்பார்.

ஊரே எழுந்து நின்று கும்பிடுகிற மனிதருக்கு அந்த ஒரு சொல் கிடைக்காதது செருப்புக்குள் மணல் புகுந்த மாதிரி இருந்தது.

ஒருநாள் கேட்டே விட்டார். "என்னை எப்போ உங்க மாணவன்னு சொல்லுவீங்க, மேடம்?"

பிரிஸ்கில்லா ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இது காலியா இருக்கு மேடம்."

"ஆமா டாக்டர்."

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரத்தம் ஊற்றிய குழாய்களோடு எப்போதும் ஒரு வெறுங்குழாயும் போக வேண்டும். ரத்தம் இல்லாத குறை தவிர அதற்கு எல்லா மரியாதையும் நடக்கும். அதே கரைப்பானை ஊற்றி, அதே போலக் குலுக்கி, அதே இயந்திரத்தில் வைப்பார்கள். கொழுப்பு இருந்தால் இயந்திரம் முகடு முகடாக வரையும். வெறுங்குழாய்க்குத் தட்டையாக ஒரு கோடு போட வேண்டும்.

தாணுமாலயனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. குழம்பு கொதிக்கும்போது பக்கத்து அடுப்பில் வெறும் சட்டியையும் வைத்துக் கிண்டுவார்களா? வெறுங்குழாயை விட்டுவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு நோயாளியின் ரத்தத்தை வைத்தார்.

அவருக்குப் பெரிய மீனாகத்தான் மாட்டியது. தேங்காய் எண்ணெயை அடியோடு நிறுத்தச் சொல்லியிருந்த நோயாளிகள் அத்தனை பேர் ரத்தத்திலும் ஒரே இடத்தில் ஒரு முகடு. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு. ஆக, எல்லாரும் பொய் சொல்கிறார்கள். 'நோயாளிகள் மறைக்கும் எண்ணெய்' என்று கட்டுரைக்குத் தலைப்பும் வைத்துவிட்டார். மருத்துவர் சங்கக் கூட்டத்தில் அதை வாசிக்க நாளும் குறித்தாகிவிட்டது.

அந்த நோயாளிகளில் ஒருவர் ரெத்தினபாய். "எனக்க பிள்ளையாணை டாக்டரே, அந்த எண்ணெய நான் தொடல்ல" என்று கண்கலங்கினார். தாணுமாலயன் இயந்திரம் வரைந்த படத்தை ரெத்தினபாயின் மருமகள் முன்னாலேயே விரித்துக் காட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சமையலறைக்குப் பூட்டு. சாவி மருமகள் இடுப்பில்.

கூட்டத்துக்கு முந்தின நாள் படங்களைக் குருவிடம் கொண்டுபோய்ப் பரப்பினார். பிரிஸ்கில்லா ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகடு அழகாக இருக்கிறது என்றார்.

"வெறுங்குழாய் எங்கே?"

அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்றார் தாணுமாலயன்.

"இப்போ ஒண்ணு போடுங்க. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

போட்டார். கையுறை மாட்டி, கரைப்பான் ஊற்றி, மூடி திருகி, குலுக்கி இயந்திரத்தில் வைத்தார். கோடு தட்டையாகப் போனது. போய்க்கொண்டே இருந்தது. பிறகு, அதே இடத்தில், கழுத்தை நீட்டி எழுந்து நின்றது அந்த முகடு.

தாணுமாலயன் குனிந்து கோட்டை மறுபடி பார்த்தார்.

பிரிஸ்கில்லா இழுப்பறையிலிருந்து ஒரு துணித் தொப்பியை எடுத்து நீட்டினார். "மறுபடி போடுங்க. இந்தத் தடவை இதைத் தலையில மாட்டிக்கிட்டு."

இரண்டாவது குழாய்க்குக் கோடு கடைசிவரை தட்டையாகவே ஓடியது. தாணுமாலயன் மெல்லத் தொப்பியைக் கழற்றினார். உள்பக்கம் பளபளவென்றிருந்தது. காலையில் தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய். ஒவ்வொரு மூடியைத் திருகும் முன்னும், கையுறை போட்ட கையாலேயே தலையை ஒருமுறை தடவிக்கொள்வது அவர் பழக்கம்.

கட்டுரையைத் தள்ளிப்போட்டு, எல்லாவற்றையும் புதிதாகச் செய்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

"நாளைக்கு நான் என்ன செய்யட்டும் மேடம்?"

"குழாயைக் கழுவி வைங்க."

கழுவினார். கழுவும்போது ரெத்தினபாயின் முகம் வந்து வந்து போயிற்று.

மறுநாள் சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில், டாக்டர்களுக்கு நடுவே, ரெத்தினபாயும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலேயே தாணுமாலயன் அவர்கள் வீட்டுக்குப் போய் அழைத்து வந்திருந்தார். இன்னும் என்ன திட்டு பாக்கியோ என்று கிழவி முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார்.

தாணுமாலயன் வெறுங்குழாயின் படத்தைத்தான் முதலில் திரையில் போட்டார். முகட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த அம்மா பொய் சொல்றாங்கன்னு சொன்னேன். அவங்க சொன்னது நிஜம். இது என் தலையிலிருந்து வந்த எண்ணெய்."

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. ரெத்தினபாய் முந்தானையை விட்டார். முதுகு நிமிர்ந்தது. "அப்போ டாக்டரே, பத்தியம் நீங்கதான் இருக்கணும்" என்றார். மருமகள் இடுப்பிலிருந்த சாவியை உருவி, தலையைத் தூக்காமல் மாமியார் மடியில் வைத்தாள்.

சிரிப்பு ஓயவில்லை. தாணுமாலயன் மேடையை விட்டு இறங்கவும் இல்லை. நிமிர்ந்து, அடுத்த படத்தைப் போட்டு, தொப்பி போட்டால் கோடு எப்படித் தட்டையாகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

தலைமை தாங்க வெளியூரிலிருந்து வந்திருந்த மூத்த மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அருகே உட்கார்ந்திருந்த பிரிஸ்கில்லாவின் பக்கம் சாய்ந்தார். "யாரும்மா இவரு? உங்க கூடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தாரு?"

பிரிஸ்கில்லா எழுந்து நின்றார். கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னார்.

"என் மாணவர்."