வாயில் கை வைத்த குற்றம்

முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கடைசியாகப் பேசியவர் சொன்னதே சரி என்று படும் சுபாவம் அவருக்கு.

ஒருநாள் அரண்மனைப் பல் வைத்தியர் ஏகாந்தர், தம் உதவியாள் நல்லாயியைச் சபையில் நிறுத்தினார். மருந்து அரைப்பதும் கிண்ணம் ஏந்துவதும்தான் அவள் வேலை. வைத்தியர் வெளியூர் போயிருந்தபோது, குதிரைக்காரர் தெருப் பிள்ளைகளின் பல்லில் கறை சுரண்டி மருந்து பூசிவிட்டாளாம். அவளை நாடு கடத்த வேண்டுமாம்.

"சொத்தையான பல்லைப் பிடுங்க வைத்தியர் இருக்காருங்க, மகாராஜா. சொத்தையாகாமப் பாத்துக்கத்தான் ஆளில்லே. பன்னெண்டு வருஷமா அவர் பக்கத்துல நின்னு கத்துக்கிட்டதைத்தான் செஞ்சேன்" என்றாள் நல்லாயி.

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "இன்று சுரண்டுபவள் நாளை குறடு பிடிப்பாள், பிரபு" என்றார் வைத்தியர். அதுவும் நியாயமாகவே பட்டது. தலை கிறுகிறுத்த ராஜா, தப்பித்தால் போதுமென்று ஓர் ஆணை போட்டார்: வைத்தியரைத் தவிர எவரும் எந்த வாயிலும் கை வைக்கலாகாது; மீறினால் நாடு கடத்தல். நல்லாயிக்கு மூன்று நாள் கெடு.

சபை விகடர் பூவேந்தி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். அதுவே ராஜாவுக்குப் புதிராக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் எல்லாமே புதிராயிற்று. பற்பொடி கொண்டுவரும் பணியாள் வெறுங்கையோடு நின்றான். மந்திரி பத்தடி தள்ளி நின்று, வாயைத் துணியால் மூடிக்கொண்டு பேசினார். ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்ன தப்புச் செய்தோம் என்று ராஜாவுக்கு விளங்கவில்லை. பந்தியில் இலை போட்டுப் பரிமாறியும் யாரும் சோற்றைத் தொடவில்லை. பசி தாளாமல் அவர் ஒரு கவளத்தை எடுத்தபோது பூவேந்தி எழுந்தார்.

"பிரபு, ஆணை."

"என் வாயில் நான் கை வைக்கக் கூடாதா?"

"'எந்த வாயிலும்' என்றுதான் முரசறைந்தார்கள். அதன் பொருளை நேற்றே வீதி வீதியாகச் சொல்லிவிட்டேன். உண்பதற்கும் பல் விளக்குவதற்கும் வைத்தியரே வரவேண்டும்."

அதற்குள் வைத்தியரே ஓடிவந்தார். முழங்கை வரை பற்பொடி. வீட்டு வாசலிலிருந்து கோட்டை வாசல் வரை ஊரே வரிசையில் நிற்கிறது என்றும், முப்பது வாய் துலக்குவதற்குள் கை மரத்துவிட்டது என்றும் புலம்பினார்.

"பல் விளக்க அவரவருக்கே தெரியுமே, பிரபு" என்றார் வைத்தியர்.

"தெரிந்தவர் கை வைத்தால் குற்றமில்லை, அப்படித்தானே?" என்று கேட்டார் பூவேந்தி.

"இல்லைதான்" என்று சொல்லிவிட்டு வைத்தியர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜாவுக்கு அப்போதுதான் விளங்கிற்று. இலை அதிரச் சிரித்தார். தம் பட்டுச் சால்வையை எடுத்துப் பூவேந்திக்குப் போர்த்தினார். பிடுங்குவது வைத்தியர் வேலை, பிடுங்க வேண்டிவராமல் காப்பது நல்லாயி வேலை என்று ஆணையை மாற்றினார்.

அன்று மாலை நல்லாயி முதல் ஆளை முக்காலியில் உட்காரவைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் அகலமா, மகாராஜா" என்றாள்.

நாடே தம் முன் வாய் பொத்தி நிற்கும் ராஜா, ஆவென்று வாயைத் திறந்தார்.